கர்துங் லா தாண்டி ஒரு மணல்வெளி
(பனிமலைக்கு அப்பால் – 9)

லேயின் கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு டிராவல்ஸ் கடை. எல்லாக் கடை வாசலிலும் ஏறக்குறைய ஒரே படம்தான்: பின்னால் பனிமலை, முன்னால் மணல்மேடு, நடுவே இரட்டைத் திமில் ஒட்டகம். அதுதான் நுப்ரா பள்ளத்தாக்கு. விடியற்காலையில் கிளம்பினால் மலையைப் பார்க்கலாம், பாலைவனத்தில் ஒட்டகச் சவாரி போகலாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு லேவுக்கே திரும்பிவிடலாம் என்பார்கள். அதில் பொய் இல்லை. லேவிலிருந்து ஹண்டர் கிராமம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சென்னைக்காரர்களுக்குத் திண்டிவனம் போய்வருகிற தூரம்தான்.

ஆனால் குறுக்கே கர்துங் லா கணவாய் நிற்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேவிலிருந்து 5,359 மீட்டருக்கு ஏற வேண்டும். அந்தப் பக்கம் ஏறத்தாழ 3,100 மீட்டர் வரை இறங்க வேண்டும். மாலையில் மறுபடி அதே ஏற்றம், அதே இறக்கம். ஒரே பகலில் இத்தனை உயர மாற்றத்தைச் சந்திக்கிற உடம்பைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் லேவில் இரண்டு முழு நாளாவது சும்மா கிடக்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த இரண்டு நாளைக் கழிக்காதவர்களுக்கு இந்த வாரக் கட்டுரை படிப்பதற்கு மட்டும்தான், கிளம்புவதற்கு அல்ல.

நான் போன வண்டியில் என்னோடு ஒரு தம்பதி வந்தார்கள். சாத்தான்குளம் பக்கம். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா ஊரைவிட்டு அதிகம் வெளியே வராதவர். மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்திருக்கிறான். ஓட்டுநர் நுப்ராவிலேயே சுமூர் கிராமத்தில் பிறந்தவர். லடாக்கில் அண்ணன் வயதுக்காரரை 'அச்சோ லே' என்று கூப்பிடுவார்கள். மூவரும் அப்படியே கூப்பிட்டோம். அந்த அம்மா மட்டும் கொஞ்ச நேரத்தில் 'அண்ணாச்சி'க்கு மாறிவிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

லேவை விட்டுக் கிளம்பியதுமே வில்லோ மரங்களும் பார்லி வயல்களும் பின்தங்கிவிடுகின்றன. அதற்கு மேல் வெறும் பாறை. வெளிர்ச் சாம்பல் நிறத்தில், கறுப்புப் புள்ளிகள் தெறித்த கருங்கல். வண்டி சவுத் புல்லு சோதனைச் சாவடியில் நிற்கும்போது இறங்கி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையும் லேசான பழுப்புமாக இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கறுப்பாக மினுங்கும் செதில் மைக்கா. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு, மெல்ல ஆறி இறுகி இந்தக் கல்லானது. இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மதியம் இதே மூன்றையும் வேறோர் உருவத்தில் பார்க்கப் போகிறோம்.

இந்தச் சாலை 1976இல் போடப்பட்டது. பொதுமக்கள் வண்டிகளுக்குத் திறந்துவிட்டது 1988இல். சியாச்சினில் 1984 முதல் நம் படை இருக்கிறது. அங்கே போகும் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து போன்றவை இந்த வழியாக ஏறுகின்றன. எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் குளிர்காலத்திலும் பனியை வழித்துச் சாலையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ராணுவ லாரிகள் வரிசையாக வந்தால் எங்கள் ஓட்டுநர் ஓரம் கட்டி நின்று, கடைசி லாரி போகும்வரை காத்திருந்தார். அவசரப்பட்டு முந்துகிற சுற்றுலா வண்டிகளைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

கணவாயின் உச்சியில் மஞ்சள் பலகை இருக்கிறது. அதில் முன்பு 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள். நவீன அளவீடுகளின்படி உயரம் 17,582 அடிதான். உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்று இந்த இடத்தை நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இப்போது லடாக்கிலேயே 19,024 அடியில் உம்லிங் லா சாலை வந்துவிட்டது. பலகை முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது. எனக்கு அந்த வரிசையைவிட, அங்கே நிற்கும்போது மூச்சு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியமாகப் பட்டது. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதான், நூற்றுக்கு இருபத்தொன்று. ஆனால் காற்றின் அழுத்தமே இங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு இழுப்பிலும் நெஞ்சுக்குள் போகிற ஆக்ஸிஜனும் பாதிதான். பத்துப் படி ஏறினாலே இதயம் காதுக்குள் அடிக்கிறது.

"பதினஞ்சு நிமிஷம். போட்டோ எடுங்க, டீ குடிங்க, வந்துடுங்க. ஓடாதீங்க, குதிக்காதீங்க" என்று ஓட்டுநர் முன்பே சொல்லிவிட்டார். அதை அப்படியே கேட்பது நல்லது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், இருமலோடு மூச்சுத்திணறல் எது வந்தாலும் அங்கே உட்கார்ந்து சரியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இறங்குவதுதான் முதல் மருந்து. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஊரிலிருந்து கிளம்புமுன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். டையமாக்ஸ் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

உச்சியில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், இத்தனை பனிமலைகளுக்கு நடுவே பாலைவனம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தெற்கே சிந்து நதிக்கு அப்பால் மலை வரிசை. அதற்கும் தெற்கே இமயத்தின் பெரிய முதுகு. பருவமழை மேகம் அந்த முதுகிலேயே தன் சுமையை இறக்கிவிடுகிறது. இந்த விஷயத்தை நமக்கு விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவம் கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, தேனிக்கும் திருநெல்வேலிக்கும் காற்றை மட்டும் அனுப்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நாம். இங்கே சுவர் இன்னும் பல மடங்கு உயரம். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. லேவில் 100 மில்லிமீட்டர்தான். ஆக நுப்ராவில் பார்க்கப்போகும் மணல், மலையைத் தாண்டி எங்கோ இருக்கிற வேறொரு நிலம் அல்ல. மலைதான் மழையை மறித்து அதை உண்டாக்கியிருக்கிறது.

வடக்குச் சரிவில் இறங்கினால் நார்த் புல்லு, அதற்குக் கீழே கர்துங் கிராமம். காலைச் சாப்பாட்டுக்கு அங்கேதான் நிறுத்துவார்கள். மேகி எல்லாக் கடையிலும் கிடைக்கும்; கம்பீர் கேளுங்கள். கையகல வட்டத்தில், தடித்து, மேலே பழுப்பேறிய, மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டி. பிய்த்தால் உள்ளே ஆவி வரும். வெண்ணெயும் ஆப்ரிகாட் ஜாமும் தடவிச் சாப்பிட்டால் மலையிறங்கின வயிற்றுக்கு இதமாக இருக்கும். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் எல்லோருக்கும் பிடிக்காது. அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவர் பக்கம் தள்ளிவிட்டார்.

அங்கேதான் அந்த அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கணவாயில் குடித்து முடித்து மூடி வைத்த காலி பாட்டில். வயிறு ஒட்டிப்போய் நசுங்கியிருந்தது.

"ஏங்க, இங்க பாருங்க. நான் கை வைக்கவே இல்ல, பாட்டில் தானா நசுங்கிக் கெடக்கு."

"காத்துதான். மேல அடைச்ச காத்து கம்மி. இங்க வெளிக்காத்து ஜாஸ்தி. அதான் அமுக்குது" என்றார் கணவர். அம்மா மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போய் பாட்டில் நிமிர்ந்தது. "நம்ம நெஞ்சும் இப்படித்தான் நசுங்கிச்சோ" என்று மறுபடி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். குப்பையை அங்கே போடாமல் லேவுக்கே திருப்பிக்கொண்டுபோக வேண்டும் என்று ஓட்டுநர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

கல்சாருக்கு வந்ததும் ஷியோக் ஆறு தெரிகிறது. முதல் பார்வைக்கு அதை ஆறு என்று சொல்லத் தோன்றாது. ஒரு மலையடியிலிருந்து எதிர் மலையடி வரை சாம்பல் நிறப் படுகை. அதில் பின்னலாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும் நீர்க்கோடுகள். ரிமோ பனியாற்றிலிருந்து வருகிற ஷியோக்கோடு, சியாச்சின் பனியாற்றிலிருந்து வருகிற நுப்ரா ஆறு திஸ்கித் ஊருக்கு அருகே சேர்கிறது. இந்த ஆற்றங்கரையை நிலவியலாளர்கள் தேடிவந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. லடாக் மலைத்தொடர் ஒரு காலத்தில் டெதிஸ் என்ற கடலில் எரிமலைத் தீவுகளின் வரிசையாக இருந்தது. வடக்கே ஆசிய நிலத்தோடு அது ஒட்டிய இடம் இந்த ஷியோக் கரை. தெற்கே இந்திய நிலத்தட்டு வந்து மோதி ஒட்டிய இடம் லேவுக்குக் கீழே சிந்து நதிக்கரை. காலையில் ஓர் ஒட்டிலிருந்து கிளம்பி, ஒரு பழைய தீவை ஏறிக் கடந்து, மதியத்துக்குள் மறு ஒட்டுக்கு வந்து சேர்கிறோம். ஒரு நாள் பயணத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? டிராவல்ஸ் கடைப் பலகைகளில் இதை ஒரு வரி எழுதிப்போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அமைதியாகத் தெரியும் இந்த ஆறு மிரட்டியும் இருக்கிறது. மேலே சோங் கும்தான் என்ற பனியாறு முன்னேறி வந்து ஷியோக்கையே குறுக்கே அடைத்தது. தண்ணீர் தேங்கி ஏரியானது. 1929 ஆகஸ்டில் அந்தப் பனி அணை உடைந்தது. அந்த வெள்ளம் ஷியோக்கிலிருந்து சிந்துவுக்குள் இறங்கி, இன்று பாகிஸ்தானில் இருக்கிற அட்டோக் வரை நீர்மட்டத்தை ஏற்றிவிட்டது. இத்தனை அகலப் படுகையில் ஏன் ஊர்கள் நடுவே இல்லை, ஏன் எல்லா வீடுகளும் மலையடி மேட்டில் ஒதுங்கி இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

திஸ்கித்தைத் தாண்டி ஹண்டருக்குப் போகும் வழியில் வலது பக்கம் மணல்மேடுகள் தொடங்குகின்றன. படத்தில் பார்த்துவிட்டு ராஜஸ்தான் அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகக்கூடும். சில கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவே அடங்கிய சிறிய மணல்வெளி இது. மேடுகளும் பெரியவை அல்ல. அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு மலை எப்படி மணலாகிறது என்பதன் கதை முழுவதையும் கண்ணால் பார்த்துவிட முடிகிறது என்பதுதான் இதன் அருமை. மேலே பனியாறு பாறையை அரைக்கிறது. கோடையில் உருகும் நீர் அந்த மாவையும் மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. இங்கே பள்ளத்தாக்கு அகன்று, ஓட்டம் தளர்ந்து, ஆறு தன் சுமையை இறக்கிவிடுகிறது. இலையுதிர்காலம் வந்தால் ஆறு சுருங்கிப் படுகை காய்கிறது. பகல் வெயிலில் மலைச் சரிவுகள் சூடேற, பிற்பகலில் பள்ளத்தாக்குக்குள் பலமாகக் காற்று எழும்புகிறது. மாவு போன்ற துகளை அது வெகு உயரம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கனமான மணல் அவ்வளவு தூரம் பறக்காமல் தத்தித் தத்தி வந்து மேடாகிறது.

அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். அவருக்கு மணல் புதிது அல்ல. அவர் பிறந்த ஊர் தேரிக்காட்டை ஒட்டியது.

"எங்க தேரி மண்ணு செக்கச் செவேல்னு இருக்கும் தம்பி. இது என்ன சாம்பலாட்டம் கெடக்கு? மினுமினுங்குது வேற."

மினுங்கியது மைக்கா. காலையில் கல்லில் பார்த்த அதே கறுப்புச் செதில்; கூடவே வெள்ளைக் குவார்ட்ஸும் மங்கிய ஃபெல்ட்ஸ்பாரும். தேரி மணலும் காற்று குவித்ததுதான். ஆனால் அது பல ஆயிரம் ஆண்டுகளாக வெப்ப நாட்டில் கிடந்து, இரும்பு துருப்பிடித்த பூச்சு ஒவ்வொரு மணியிலும் ஏறிச் சிவந்தது. ஹண்டர் மணலுக்கு அந்த வயது இல்லை. குளிரிலும் வறட்சியிலும் துரு ஏறவும் இல்லை. கல்லின் நிறம் கல்லின் நிறமாகவே இருக்கிறது. விரல்களுக்கு நடுவே உருட்டினால் சொரசொரவென்று முனை குத்தும்.

பக்கத்தில் சில இளைஞர்கள் மேட்டின் செங்குத்தான பக்கமாக ஏற முயன்று, மூன்றடி ஏறி இரண்டடி சறுக்கி, மூச்சு வாங்கி நின்றார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து அடிக்கிற பக்கமா ஏறணும். அங்கதான் மண்ணு இறுகி இருக்கும். இந்தப் பக்கம் பொலபொலன்னு சரியத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாய்வான பக்கமாக நிதானமாக நடந்து உச்சிக்குப் போய் நின்றார். அவர் சொன்னது அப்படியே சரி. காற்று வீசும் பக்கம் மணலை அடித்து அடித்து இறுக்குகிறது. மறைவுப் பக்கம், உச்சியிலிருந்து உதிர்ந்த மணல் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு டிகிரிச் சரிவில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. கால் பட்டால் இறங்கிவிடும். மணலேறத் தெரிந்தவர்களுக்கு இந்த உயரத்திலும் மூச்சு மிச்சமாகிறது.

இனி ஒட்டகம். இந்தியாவில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் வாழும் இடம் இந்தப் பள்ளத்தாக்குதான். லேவிலிருந்து கர்துங் லா, நுப்ரா, பிறகு 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாய் வழியாக இன்றைய சீனாவின் யார்கந்துக்கு வணிகக் கூட்டங்கள் வாரக்கணக்கில் நடந்தன. அங்கிருந்து பட்டு, கம்பளம், நம்தா எனும் கம்பளி விரிப்பு. இங்கிருந்து துணி, அவுரி, மசாலா. கர்துங் கணவாயின் பனியில் குதிரைகள் திணறும் என்பதால் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் சுமையை யாக் மாடுகளுக்கு மாற்றுவார்கள். இன்று நாம் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிற மலை அது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறி ஷிஞ்சியாங் எல்லை இறுகியது; வழி அடைபட்டது; வணிகம் நின்றது. சரக்கு சுமந்து வந்த ஒட்டகங்கள் நுப்ராவில் தங்கிவிட்டன. வேலை இல்லாமல் பல காலம் முள்காட்டில் தாமாக மேய்ந்து திரிந்தவற்றின் வாரிசுகளைத்தான் இன்று ஹண்டரில் பார்க்கிறோம். சுற்றுலா வந்தபிறகுதான் அவற்றுக்கு மறுபடி முதுகில் சேணம்.

ஜூன் மாதத்தில் போனால் அவை அழகாக இருக்காது. குளிர்காலத்துக்கு வளர்ந்த கனத்த ரோமம் கோடையில் கற்றை கற்றையாகக் கழன்று, கழுத்திலும் தொடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். நோய் வந்துவிட்டது என்று சிலர் பயப்படுகிறார்கள். அது இயல்புதான். கிட்டே போனால் இரட்டை வரிசை இமை மயிர் தெரியும்; மணல் காற்று வந்தால் மூக்குத் துளையை மூடிக்கொள்ளும் தசையும் தெரியும். டிக்கெட் வாங்கி முறை வந்ததும், முழங்கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒட்டகத்தின் இரு திமில்களுக்கு நடுவே ஏறிக்கொள்ள வேண்டும். எழும்போது பின்னங்கால் முதலில் எழும். உடம்பைப் பின்னால் சாய்த்து முன் திமிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். திமில் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருக்கும். அதற்குள் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல.

சவாரியை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஒட்டகத்துக்கு வருமானம் இருப்பதால்தான் அதைக் குளிர்காலத்தில் காப்பாற்றும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏறுவதற்கு முன் நாம் பார்க்க வேண்டியவை உண்டு. மூக்குக் கயிறு போடும் இடத்தில் புண் இருந்தால் அந்த ஒட்டகம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரியவரும் பிள்ளையுமாக ஒரே ஒட்டகத்தில் ஏற வேண்டாம். முன்னால் இழுத்துப்போகிறவரை வேகமாகப் போகச் சொல்லாதீர்கள்.

நாலு சக்கர ஏடிவி வண்டியைப் பற்றி என் கருத்து வேறு. அதை இந்த மணலில் ஓட்டக் கூடாது என்பதே என் எண்ணம். காரணம் சத்தம் மட்டும் அல்ல. மேடுகளுக்கு ஓரத்தில் புதர் புதராக நிற்பது சீபக்தார்ன் முள்செடி. வெள்ளி பூசியது போன்ற சின்ன இலை. செப்டம்பரில் ஆரஞ்சு நிறக் காய் கொத்துக் கொத்தாகப் பழுக்கும். வைட்டமின் சி நிறைந்த அந்தப் பழத்தில் சாறு எடுத்து விற்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அதன் வேர் செய்கிறது. பக்கவாட்டில் ஓடி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. சக்கரம் ஏறி அந்த ஓரத்தை உடைத்துவிட்டால், பிற்பகல் காற்று மணலை வயல் பக்கம் தள்ளத் தொடங்கிவிடும். "இந்த முள்ளு இல்லேன்னா எங்க வயல் மணலுக்குள்ள போயிடும். வேலியும் இதுதான், குளிருக்கு விறகும் இதுதான்" என்றார் ஓட்டுநர். 2022இல் ஹண்டர் மணல்மேட்டில் காரை ஏற்றி ஓட்டிய ஒரு பயணியிடம் அதிகாரிகள் 50,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். சொந்தக் காருக்கு இருக்கிற அந்தக் கண்டிப்பு வாடகை வண்டிக்கும் வேண்டும். செடி இல்லாத ஒரு சிறு திடலைக் குறித்துக் கொடுத்து, அதற்கு வெளியே ஒரு சக்கரமும் போகாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

மணலில் விளையாடிவிட்டு நேரே வண்டி ஏறிவிடுகிறவர்கள் ஹண்டர் ஊரைப் பார்ப்பதே இல்லை. சாலையிலிருந்து உள்ளே பத்து நிமிடம் நடந்தால் போதும். ஆப்ரிகாட் மரங்கள், பாப்லார் வரிசை, பார்லி வயல், நடுவே கல் பாவிய வாய்க்கால். மலைமேல் உருகும் பனிநீர்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். வாய்க்காலை யுரா என்கிறார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் திருப்புவது என்று முடிவு செய்ய, ஊர் கூடி ஒருவரை நியமிக்கிறது, அவர் சுர்போன். நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டி செய்கிற அதே வேலை. ஒரு கல்லையும் புல்கட்டியையும் நகர்த்தினால் தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்புகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியம்மா அதைக் காலாலேயே செய்துவிட்டு, 'ஜூலே' என்று வணக்கம் சொல்லிப் போனார்.

இந்தத் தண்ணீர்மீதுதான் நம் வருகையின் சுமை இறங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மொத்த மக்கள்தொகை 2.74 லட்சம். 2022இல் ஒரே ஆண்டில் வந்த பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். லடாக்கிகளின் வீட்டுக் கழிப்பறைக்குத் தண்ணீரே தேவையில்லை. மண்ணைத் தள்ளி மூடி, மக்கவைத்து, வயலுக்கு உரமாக்குகிறார்கள். நமக்காகக் கட்டிய விடுதிகளில் ஃப்ளஷ் டாய்லெட். வாளியில் குளிப்பது, துண்டைத் தினமும் துவைக்கச் சொல்லாமல் இருப்பது போன்ற சின்னக் கட்டுப்பாடுகள் நுப்ராவில் சின்ன விஷயம் அல்ல.

திஸ்கித் மடாலயத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே ஒரு குன்றில் 32 மீட்டர் உயர மைத்ரேயர் சிலை ஷியோக் போகும் திசையைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. 2010இல் தலாய் லாமா அதைத் திறந்துவைத்தார். சிலையின் காலடியிலிருந்து பார்த்தால் ஆறு, மணல், முள்காடு, வயல் நான்கும் ஒரே பார்வையில் அடங்கும். மணல்மேட்டுக்குப் போகுமுன் இங்கே ஏறிப் பார்த்துவிடுவது நல்லது. கீழே எதைப் பார்க்கப் போகிறோம் என்பது விளங்கிவிடும்.

ஒரே நாளில் திரும்புகிறவர்கள் ஹண்டரை மூன்று மணிக்குள் விட்டாக வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் சாலையைக் கடக்கும் ஓடைகளில் பிற்பகலில்தான் தண்ணீர் அதிகம். கணவாயில் இருட்டிவிட்டால் குளிரும் உறைபனியும் சேர்ந்துகொள்ளும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிற பதினான்கரை மணி நேரத்தில், மணலில் நிற்பதற்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம். அதிலும் ஒரு பங்கு ஒட்டகத்துக்கு வரிசையில் போய்விடும். விடுமுறையில் வேறு நாளே இல்லை என்றால் அப்படியும் போய்வரலாம். ஏடிவியை விட்டுவிட்டு அந்த நேரத்தில் மணலில் நடங்கள். ஒரு நாள் கூட இருக்கிறது என்றால் ஹண்டரிலோ திஸ்கித்திலோ தங்கிவிடுங்கள். லேவைவிட நுப்ரா தாழ்ந்த இடம் என்பதால் தூக்கம் நன்றாக வரும். மறுநாள் கணவாய் ஏற உடம்பு தயாராக இருக்கும்.

எங்கள் வண்டியில் அந்த முடிவை எடுத்தது அந்த அம்மாதான். இரண்டரை மணிக்கு ஓட்டுநர் சாவியைக் கையில் எடுத்தபோது, "அண்ணாச்சி, இன்னைக்கே அந்த மலை ஏறணுமா? ராத்திரி இங்கயே கெடப்போம். வெள்ளன எந்திரிச்சிப் போவோம்" என்றார். கணவர் மகனுக்குப் போன் போட்டார். இன்னொரு நாளைக்கான வாடகையைப் பேசிக்கொண்டோம். ஓட்டுநர் தன் சித்தி வீட்டிலேயே இடம் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் அவர் எங்களை லேவுக்கு நேராகக் கூட்டிப்போகவில்லை. பள்ளத்தாக்கின் இன்னொரு கிளையில் தன் ஊரான சுமூரைக் காட்டிவிட்டு, அதற்கும் வடக்கே பனாமிக் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனார். பனிமலைக்குக் கீழே தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது, அதற்கும் காரகோரம் பிளவுக்கும் என்ன தொடர்பு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.